இடப்பக்கத்துப் பட்டன்கள்

தைக்கிற கம்பெனியில் ஆளுக்கு ஒரு வேலை. காலர் வைப்பவள் காலம் முழுக்கக் காலர்தான் வைப்பாள், கை வைப்பவள் கைதான் வைப்பாள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கடைக்குப் போய்க் காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், பெண்கள் போடுகிற மேல்சட்டை வரிசையின் கடைசி மிஷினில் உட்கார்ந்து வருஷக் கணக்கில் பட்டன் வைத்தவள் நம்ம பட்டன்காரம்மா. பக்கத்து மிஷினில், அந்தப் பட்டன் நுழைய ஓட்டை வெட்டி ஓரம் தைக்கிறவள் அவளுடைய சிநேகிதி. அந்த ஓட்டைக்குத் தொழிலில் காஜா என்று பேர். அதனால் அவள் காஜாக்காரி. பெற்றவர்கள் வைத்த பேர் ரெண்டு பேருக்கும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் ரெண்டு பேருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"நான் இல்லாம நீ எங்கடி போய் மாட்டுவே?" என்பாள் காஜாக்காரி.

"நான் இல்லாம நீ காத்துதான்டி வாங்குவே" என்பாள் இவள்.

பட்டன்காரம்மாவுக்கு அந்த வேலையில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். வேலை முடிகிற மணி. மணி அடித்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி அவள் வீட்டுக்காரர் நிற்பார். பஸ் கண்டக்டர். டியூட்டியை முடித்து, தோள்பையை ஒப்படைத்துவிட்டு, நேரே அங்கேதான் வருவார். அவளைக் கண்டதும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்பார்.

"எங்க போகணும் மேடம்?"

"வீட்டுக்குத்தான்."

"நேர் வழியா, சுத்து வழியா?"

"சுத்து வழி."

தினமும் இதே கேள்வி, இதே பதில். கூட வருகிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் டிக்கெட் வாங்கித் தீரலையா?" என்று கேலி செய்வார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்? வீடு சின்ன வீடு. மாடியில் நாத்தனார் குடும்பம். நாத்தனாருக்குக் காது ரெண்டு என்று சொல்வது சும்மா பேச்சுக்குத்தான், அந்த வீட்டுச் சுவரெல்லாம் அவளுடைய காது. புருஷனும் பெண்டாட்டியும் மனம் விட்டு ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் அந்தச் சுற்று வழியில் பேசினால்தான் உண்டு. குடும்பம் நடத்தியது வீட்டில், வாழ்ந்தது தெருவில் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒருநாள் மணி அடித்தது, கம்பத்தடியில் ஆளைக் காணோம். ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சரிந்துவிட்டார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கவாதம். உயிர் பிழைத்தது. கால் மெதுவாக வழிக்கு வந்தது. பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை.

அதற்கப்புறம் அவர் வாசல்படி தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டிய நாளில்கூட, ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தச் சொல்லி, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏறுவார். நடக்க முடியுமே, பிறகு என்ன என்று கேட்டால், "சட்டை போட்டுக்கத் தெரியாதவனுக்குத் தெருவுல என்ன வேலை?" என்பார். பட்டன் இல்லாத பனியன் வாங்கித் தருகிறேன் என்றாள். "பனியனோட போய் நான் தெருவுல நிக்கணுமா? நான் கண்டக்டருடி!" என்று கத்தினார். எத்தனையோ பேரை ஒற்றைக் குரலில் பஸ்ஸுக்குள் தள்ளிய மனிதர், அந்தக் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

ஆக, காலையில் கம்பெனிக்குக் கிளம்புமுன் அவருக்குச் சட்டை மாட்டிப் பட்டன் போட்டுவிடுவது அவள் வேலையானது. அவர் முகவாயைத் தூக்கிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி நிற்பார். சாயங்காலம் மணி அடிக்கும், இவள் வெளியே வருவாள். அவர் வரமாட்டார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும், கண் பாழாய்ப்போன கம்பத்துக்குத்தான் போகும். அங்கே யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அந்தச் சைக்கிளைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நேர் வழியில் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஒருநாள் காஜாக்காரியிடம் சொல்லியே விட்டாள். "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம்டி. அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை அந்தக் கம்பத்துக்கிட்ட வந்து நின்னா போதும்."

"அவர் வரலைன்னா விடு. சட்டையை அவர் கைக்கு வர வை" என்றாள் காஜாக்காரி. "தையக்காரி ரெண்டு பேர் இருக்கோம். ஒரு சட்டைக்கு வழி பண்ணத் தெரியாதா நமக்கு?"

அன்று பிடித்த பைத்தியம்தான். முதலில், குழந்தைகள் செருப்பில் வருமே ஒட்டுப் பட்டை, அதை வைத்துத் தைத்தாள். மேலே பொய்ப் பட்டன், உள்ளே ஒட்டுப் பட்டை. மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் ஒரு தும்மல் தும்மினார். சர்ரென்று சட்டை மேலிருந்து கீழ்வரை திறந்துகொண்டது. காபி கொண்டு வந்த நாத்தனார் டம்ளரோடு ஓடினாள். அடுத்தது காந்தம். பட்டனுக்கு அடியில் பொட்டுப் பொட்டாகக் காந்தம் வைத்தாள். அது ஜோராகத்தான் ஒட்டியது. துண்டு எடுக்க இரும்பு பீரோ பக்கம் குனிந்தார், நெஞ்சோடு பீரோவில் ஒட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினேன். இனிமே பீரோவோட நடத்தணுமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நோய் வந்தபின் அவர் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்துச் சட்டை பாழாக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

மூன்றாவதாக, வம்பே வேண்டாம், நிஜப் பட்டனே வைப்போம், கொஞ்சம் பெரிதாக வைப்போம் என்று முடிவு செய்தார்கள். நல்ல வெளிர் நீலத் துணி. வெட்டித் தைத்தது இவள், கையால் காஜா போட்டது அவள். முடிந்ததும் உதறிப் பிடித்த காஜாக்காரி "ஐயோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம் இருக்கும், காஜா இடப்பக்கம். பெண்கள் சட்டையில் அப்படியே மாறி வரும். இவர்கள் காலமெல்லாம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்த ஜென்மங்கள். கை தன் பாட்டுக்குப் பழக்கத்தில் போய்விட்டது. பட்டன் எல்லாம் இடப்பக்கம். ஒருத்தி தப்புச் செய்தால் இன்னொருத்தி கண்டுபிடிக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி என்றால் யார் கண்டுபிடிப்பது?

கண்டக்டர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "இது பொம்பளைச் சட்டை."

"கை தவறிப் போச்சுங்க. வீட்டுக்குள்ள ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"தெருவுல ஏற்கெனவே என்னைப் பாதி ஆளாத்தான் பாக்குறான். இதைப் போட்டேன்னா மீதிப் பாதியும் போயிடும்." சட்டையைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவளுக்கு வந்ததே கோபம்! அவர்மேல் இல்லை, தன் கைமேல். அந்த நீலச் சட்டையை எடுத்துத் தன் துணிக்கு மேலேயே மாட்டினாள். வலது கையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அப்படி என்னதான் முடியாமல் போகிறது பார்ப்போம் என்று இடது கையால் பட்டனைப் பிடித்தாள். பிடித்த பட்டன் தானாகக் காஜாவுக்குள் போனது. அடுத்ததும் போனது. கழற்றிவிட்டு அவருடைய பழைய சட்டையை மாட்டி, அதே இடது கையால் முயன்றாள். விரல் பிசகிக்கொண்டே இருந்தது. மறுபடி நீலச் சட்டை. மறுபடி சுளுவாகப் போனது.

ஆண் சட்டை வலது கைக்காக வைத்த சட்டை. வலது கை போனவனுக்கு அதைக் கொடுத்து, போடு போடு என்றால் எப்படிப் போடுவான்? கையை மாற்ற முடியாது. பட்டனை மாற்றலாமே! கடவுளே, கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

பிறகென்ன, காஜாக்காரியும் இவளும் அதன்மேலேயே கிடந்தார்கள். விரலுக்குப் பிடிபடுகிற மாதிரி பட்டனுக்கு அடியில் நூலைச் சுற்றிக் கொஞ்சம் காம்பு விட்டார்கள். காஜாவை ஒரு நூல் அகலமாக்கினார்கள். வராத கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருகிற பெண் சொல்லியிருந்தாள், அதனால் அந்தப் பக்கத்து அக்குளைத் தாராளமாக வெட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முன்பக்கம் பட்டன் வெளியே தெரியாதபடி துணியில் ஒரு மறைப்பு மடிப்பு வைத்தார்கள். இப்போது அது ஆண் சட்டையா, பெண் சட்டையா என்று யாரும் கேட்க வழியில்லை. நீலச் சட்டையைப் பிரித்து இதே மாதிரி மறுபடி தைத்து அவர் முன்னே வைத்தாள்.

அவர் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பீரோவுல வை" என்றார். அவ்வளவுதான். பீரோவுக்குள் போன சட்டை பீரோவிலேயே இருந்தது.

இன்னொரு சட்டை தைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று பயிற்சிக்காரப் பெண்ணிடம் காட்டக் கொண்டு போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வலது கைதான். போட்டுப் பாருங்கள் என்றார்கள். வாத்தியார் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். எழுந்து, பெண்டாட்டியைப் பார்த்து, "வா, நடந்தே போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். சட்டை யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை மகராசன். அடுத்த வாரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்த எல்லாருடைய வீட்டிலிருந்தும் ஆள் தேடி வந்துவிட்டது.

"வேலையை விட்டுடலாமாடி?" என்று பட்டன்காரம்மா பயந்து பயந்து கேட்டாள்.

"பெருசா என்ன கவிழ்ந்துடப் போகுது? ஒரு கை பாத்துடுவோம்" என்றாள் காஜாக்காரி. அதையே கடைக்குப் பேராக எழுதினார்கள், 'ஒரு கை பார்ப்போம்' என்று.

கடைக்கு இடம் பார்த்தபோது ரெண்டு அறை கிடைத்தன. ஒன்றில் காற்றும் வெளிச்சமும் பிய்த்துக்கொண்டு போனது. இன்னொன்று சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இருட்டறை, பகலிலும் விளக்குப் போட வேண்டும். பட்டன்காரம்மா இருட்டறையைத்தான் கேட்டாள். "உனக்கென்ன கிறுக்கா?" என்று சண்டைக்கு வந்த காஜாக்காரி, வாசலில் வந்து நின்று பார்த்தாள். எதிரே ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதற்குப் பிறகு துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடை பிடித்துக்கொண்டது. இடது கை வராதவர்களுக்குப் பட்டனை வழக்கப்படி வைத்துக் காம்பும் காஜாவும் மட்டும் மாற்றினார்கள். பெண்களுக்கு முன்பக்கம் திறக்கிற ரவிக்கை தைத்தார்கள். கடையில் ஒரே ஒரு சட்டம்தான், தைத்தவள் ஒரு கையை இடுப்பில் சொருகிக்கொண்டு தானே போட்டுப் பார்க்காமல் எந்தத் துணியும் வாசல் தாண்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த பெண்கள் முதல் நாள் சிரிப்பார்கள். ரெண்டாவது பட்டனில் சிரிப்பு நின்றுவிடும்.

"எங்கண்ணன் கை விழுந்தது, இவளுக்குக் கடை எழுந்திருச்சு" என்று நாத்தனார் மாடிப்படியில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லட்டும். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் நடந்தது அப்படித்தானே? ஊரில் உள்ள புருஷன்மார் எல்லாம் இவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள். "இப்பல்லாம் வீட்டுல தங்குறதே இல்லைம்மா, நீ நல்லா இருக்கணும்" என்று பெண்டாட்டிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் சிரித்துத் தலையாட்டுவாள். அவர்கள் போனபின் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். பொறாமைதான், வேறென்ன? வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் வழி செய்தவள், தன் ஆளை வாசல்படி தாண்ட வைக்க முடியவில்லையே.

வீட்டில் அவர் பழைய சட்டைதான் கேட்பார். காலையில் இவள் பறந்து பறந்து பட்டன் போடுவாள். கம்பெனிக் கை அல்லவா, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அவர் பட்டனுக்கு ஒரு கேள்வி கேட்பார். "அந்த வாத்தியார் வந்தாரா?" "காஜாக்காரி மறுபடி சண்டை போட்டாளா?" "மத்தியானம் சாப்பிட்டியா, இல்லையா?" இவள் பாதிக்குப் பதில் சொல்லுவாள், மீதிக்கு "நேரமாச்சுங்க" என்பாள்.

"பட்டன்காரிக்குப் பட்டன்னா எப்பவுமே அவசரம்தான்" என்று சொல்லிவிட்டு முகவாயைத் தூக்கிக்கொள்வார்.

ஒருநாள் அவர் அளவே உள்ள ஒருவருக்குச் சட்டை தைக்க வேண்டி வந்தது. அளவுக்கு ஆகுமே என்று பீரோவிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். காஜாக்காரி வாங்கி, மேஜைமேல் விரித்து மடிப்பைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். விளக்கடிக்குக் கொண்டு போய்ப் பார்த்தாள்.

"இதைப் போட்டதே இல்லைன்னு சொன்னே?"

"எங்கடி போட்டார்? பீரோவுலதான் கிடக்கு."

"இங்க வா. காஜாவைப் பாரு."

பட்டன்காரம்மா பார்த்தாள். காஜாவின் ஓரத்து நூல் எல்லாம் தேய்ந்து, பொசுபொசுவென்று பஞ்சாகியிருந்தது. பட்டன் உரசி உரசி ஓட்டை தளர்ந்திருந்தது. காம்பு நூல் நைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இது ஒரு நாள் ரெண்டு நாள் போட்ட காஜா இல்லைடி" என்றாள் காஜாக்காரி. "என் கையால போட்டது, எனக்குத் தெரியாதா? தினமும் போட்டுக் கழட்டியிருக்காங்க. காலரைப் பாரு, ஒரு பொட்டு அழுக்கு இல்லை. வெளியில போட்டுட்டுப் போகலை. வீட்டுக்குள்ளேயே போட்டு, நீ வர்றதுக்குள்ள கழட்டி மடிச்சு வெச்சிருக்கார். திருட்டு மனுஷன்! அவருக்கு எப்பவோ வந்துடுச்சுடி."

"அப்புறம் ஏன்டி காலையில என்னைப் போட்டுவிடச் சொல்றார்?"

காஜாக்காரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடையைத் திறந்ததுலேருந்து நீ அவர் பக்கத்துல போய் நிக்கிறது எப்போ? சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்டாள்.

பட்டன்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் கிளம்பினால் விளக்கு வைத்தபின்தான் திரும்புகிறாள். வந்ததும் சமையல், மறுநாள் வேலை. அவர் முகத்துக்கு நேரே நிற்பது அந்தப் பட்டன் போடுகிற நேரம் மட்டும்தான். அதையும் இவள் ஓட்டமாக ஓடி முடித்திருக்கிறாள். பட்டனுக்கு ஒரு கேள்வி என்று அந்த மனிதர் சுற்று வழியில் போகப் பார்த்திருக்கிறார். இவள்தான் நேர் வழியில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தான் மட்டும்தான் ஏங்குகிறோம் என்று நினைத்தோமே, பாவி, என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அன்று வீட்டில் எதுவும் கேட்கவில்லை. நீலச் சட்டையை மடித்தபடியே பழைய இடத்தில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, முகவாயைத் தூக்கி நின்றார். இவள் கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பித்தாள். மெதுவாக.

"என்ன, இன்னைக்குக் கடை லீவா?"

"கடை எங்கேயும் ஓடிப் போகாது."

"அந்த வாத்தியார் வந்தாரா?"

அவள் வாத்தியார் கதையை முழுக்கச் சொன்னாள். அடுத்த பட்டனுக்குக் காஜாக்காரி கதை. அதற்கடுத்ததற்குப் புதிதாகச் சேர்ந்த பெண் தன் துப்பட்டாவையே சேர்த்துத் தைத்த கதை. அவர் மோட்டுவளையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மேல் பட்டன் வந்ததும் அவள் கையை எடுக்காமலே சொன்னாள்.

"ஏங்க. கடைக்கு எதிரே ஒரு விளக்குக் கம்பம் இருக்கு. தினமும் சும்மாவே நிக்குது."

அவர் பார்வை மறுபடி மோட்டுவளைக்குப் போனது.

"காலையில பட்டனை நான்தான் போடுவேன். உசுரு இருக்கிற மட்டும் நான்தான் போடுவேன். அதை யாரும் எடுத்துக்கப் போறதில்லை. அது வேற, இது வேற."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. காது மட்டும் சிவந்து போயிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கடை மூடுகிற நேரம் வந்தால் வாசலைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்காருவாள். காஜாக்காரி பார்த்துச் சொல்வதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். காஜாக்காரி ஒன்றும் சொல்ல மாட்டாள். ரெண்டு பேரும் கடையைப் பூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படியே ஒரு வாரம் போனது. ஒருநாள் காஜாக்காரி மிஷினுக்கு உறை மாட்டிக்கொண்டே, எதுவும் நடக்காதவள் போல, "யாரோ டிக்கெட் கேட்டு வந்திருக்காங்க, பாரு" என்றாள்.

பட்டன்காரம்மா எழுந்த வேகத்தில் பட்டன் டப்பா கவிழ்ந்தது. பொறுக்கவும் இல்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். நீலச் சட்டை. வலது கையைப் பேண்ட் பைக்குள் வைத்திருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. தெருவில் போகிறவர்கள் யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவள் தெருவைத் தாண்டி வந்ததும் அவர் இடது கையால் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்க போகணும் மேடம்?"

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சட்டை கண்ணில் பட்டது. தொழில்காரி கண் அல்லவா, அது நேரே நெஞ்சுக்குப் போனது. மேலிருந்து ரெண்டாவது இடத்தில் மடிப்பு விலகித் திறந்து கிடந்தது.

"ஒரு பட்டன் விட்டுப் போச்சுங்க."

"விட்டுப் போகலை" என்றார். "விட்டு வெச்சிருக்கேன்."

நடுத்தெருவில், சைக்கிள் கடைக்காரர் பார்க்க, காஜாக்காரி பார்க்க, அவள் கிட்டே போய் அந்தப் பட்டனைப் போட்டாள். அவசரப்படவில்லை. போட்டு முடித்தும் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"சுத்து வழி" என்றாள்.